கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஹெரால்டு வைத்திருப்பவரும் எழுதியிருக்கிறார். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1972 எம்ஜி மிட்ஜெட், 1275 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். குமுளி மலை ஏறும்போது பாதி வழியிலேயே டெம்பரேச்சர் முள் மேலே போய்விடுகிறது. இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார்புரேட்டர் வழியாக 'டப் டப்' என்று திருப்பி அடிக்கிறது. மூன்று முறை கார்புரேட்டர் டியூனிங் செய்தும் பலன் இல்லை. புது கார்புரேட்டர் வாங்கிவிடலாமா?
*— வாசகர், தேனி மாவட்டம் கூடலூர்*

பதில்: வாங்க வேண்டாம். எஸ்யூவில் தேயக்கூடியவை ஊசி, ஜெட், த்ராட்டில் ஸ்பிண்டில் என்று மிகச் சில உறுப்புகள்தான். அது ஒரே வாரத்தில் கெட்டுப்போகும் கருவி அல்ல. வால்வும், பாயின்ட்டும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கைத் தூண்டும் தொடர்பு முனை), டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகினால், ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பை வைத்ததாகிவிடும். மூன்று டியூனிங்கிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். முதலில் வால்வு, பிறகு பாயின்ட், பிறகு டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வால்வு இடைவெளியை இரவு முழுக்க ஆறிய என்ஜினில் காலையில் பாருங்கள். அளவு 0.30 மிமீ, அதாவது 12 தௌ (ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 12 பங்கு). நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் என்ஜின் சுழலும். எட்டு வால்வுகளை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டினால் 9 வர வேண்டும் என்பது கணக்கு. 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-வதைச் சரிசெய்யுங்கள். 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5, இப்படியே எட்டும். ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்காமல் விடாதீர்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பி இடைவெளி மாறிவிடும்.

இந்த என்ஜினில் 2, 3, 6, 7 இன்லெட். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். இன்லெட் வால்வு இடைவெளியே இல்லாமல் இறுகி நின்றால் வெடிப்பு கார்புரேட்டர் வழியாகத்தான் திரும்பும். உங்கள் 'டப் டப்' சத்தத்துக்கு முதல் சந்தேகம் அங்கேதான். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் விஷயம் வேறு. வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த இரும்பு ஹெட்டில் வால்வு சீட் மெதுவாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அளவை ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தெளிவாகக் குறைந்தால் அடுத்து ஹெட்டை இறக்கும்போது கடினமான சீட் வளையம் பதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவசரமில்லை.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ, பிளக் இடைவெளி 0.625 மிமீ. பாயின்ட் வைப்பதற்கு முன் ரோட்டர் நிற்கும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது எந்த இடைவெளி வைத்தாலும் சிலிண்டருக்குச் சிலிண்டர் டைமிங் மாறும். ரோட்டரை இடஞ்சுழியாகத் திருகி விட்டால் ஸ்பிரிங்கில் தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து நிற்கின்றன, வேகம் கூடும்போது டைமிங் முன்னேறாது. வாக்குவம் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கில் பிடித்தபடியே நின்றால் டயஃப்ரம் நல்லது. காற்று வந்தால் கிழிந்துவிட்டது.

மலையில் சூடாவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிதலின் கடைசிப் பகுதி எக்ஸாஸ்ட் வழியில் நடக்கும். அந்தச் சூடு முழுக்க ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் இறங்கும். இழுவை போவதும் முள் ஏறுவதும் சேர்ந்தே நடந்தால் ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஸ்ட்ரோப் விளக்கில் டைமிங் பாருங்கள்.

இதெல்லாம் சரியானபின் கார்புரேட்டர். மேலே உள்ள டேம்பரைக் கழற்றி, உள்ளிருக்கும் குழல்தண்டின் மேல் விளிம்புக்கு 13 மிமீ மேலே நிற்கும்வரை எஸ்ஏஇ 20 ஆயில் விடுங்கள். இந்த ஆயில் வற்றிப்போனால் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும், கலவை அந்தக் கணத்தில் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) என்ஜின் தடுமாறும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்ற உலோக ஒலியோடு விழ வேண்டும். தயங்கி இறங்கினால் சேம்பரைக் கழற்றிப் பெட்ரோலில் துடையுங்கள். எமரி பேப்பர் கூடாது. ஒன்றின் பிஸ்டனை மற்றதன் சேம்பரில் போடவும் கூடாது. இரண்டும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை.

ஜெட்டின் அடியில் உள்ள ஆறுமுக நட்டை மேலே முழுக்க ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், கீழே இறக்குங்கள். தொடக்கப் புள்ளி இதுதான். ஸ்பிண்டில்களை இணைக்கும் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் உறிஞ்சும் ஒலி ஒன்றாகும்வரை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிறகு என்ஜின் ஓடும்போது ஒரு பிஸ்டனை மட்டும் 0.8 மிமீ தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), நட்டை மேலே ஏற்ற வேண்டும். தடுமாறி அணைந்தால் லீன், கீழே இறக்க வேண்டும். லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே எண்ணிக்கையில் முகம் திருப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முள் ஏறினால் தண்ணீர் வழியைப் பாருங்கள். நம் பக்கத்தில் வண்டி சூடானதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் இருக்கிறது. இந்த என்ஜினில் அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் முன்பக்கமாகவே குறுக்கு வழியில் சுற்றிவிடும். பின்னால் 4-வது சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறையும். போட்டிக்கு ஓட்டுபவர்கள்கூட அதை எடுத்தால் அந்த இடத்தில் பிளாங்கிங் ஸ்லீவ் (அந்தக் குறுக்கு வழியை அடைக்கும் வளையம்) போடுவது இதனால்தான். 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளாக்கின் பின்பகுதியில் ஒரு வடிகால் உண்டு. அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தி, தண்ணீரைத் தலைகீழ்ப் போக்கில் அடித்துக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும். வாட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் ஒளிந்திருக்கும். கண்ணாடி வைத்து அதையும் பாருங்கள். மலைப்பாதையில் இந்த வண்டிகளை நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங் வரவரக் கனமாகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் முன் சக்கரத்துக்குக் கீழே உள்ள நிப்பிளில் கிரீஸ் அடிக்கச் சொல்லித்தான் வருகிறேன். சிற்றப்பா ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கப்போகிறார், அதிலும் இதே அமைப்பு என்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்ன?
*— வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: கிரீஸ்தான் பிரச்னை. இந்தப் பதிலை உங்கள் மெக்கானிக்கிடமும் காட்டுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்தது. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அதன்மேல் கட்டிய கார். முன் சஸ்பென்ஷன் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. நம் ஹெரால்டு சென்னையில் தயாரானபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை வெண்கலத்துக்குள் சுழல்கிறது. முன்பக்கத்தின் எடை முழுக்க அந்த மரையில்தான்.

இதற்கு விட வேண்டியது இபி 90 கியர் ஆயில். கிரீஸ் அந்த நெருக்கமான மரைக்குள் முழுக்கப் போகாது. போனதும் நாளாவட்டத்தில் மெழுகு மாதிரி இறுகி, புது ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். மேலே உள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். இரும்பு மரை துருப்பிடித்துக் குழி விழும், குழியிலிருந்து விரிசல் தொடங்கும். ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதோ, குழியில் இறங்கும்போதோ தண்டு மரை முடியும் இடத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதற்கு முன் அது காட்டும் ஒரே அறிகுறி, நீங்கள் எழுதியிருக்கும் கனமான ஸ்டீயரிங்.

ஆகவே இப்போது வண்டியை ஓட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தாக வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பாகத்தை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ட்ரனியனை விஷ்போன் என்கிற சஸ்பென்ஷன் கையோடு பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் உள்ளே துருவேறி ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். கழன்றதும் ட்ரனியனைத் தண்டிலிருந்து திருகி எடுங்கள். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசை. இரண்டையும் ஒரே தட்டில் போடாதீர்கள், கழற்றும்போதே சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

டீசலில் கழுவி மரையை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் குழியில் தட்டினால் அந்தத் தண்டு வேண்டாம். வெல்டிங் வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் டை பெனிட்ரன்ட் சோதனை செய்துவிடுங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டின். சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். கோயம்புத்தூரில் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது புது ரப்பர் வளையம், புது நைலான் புஷ். மரையில் ஆயில் தடவி ட்ரனியனை முழுக்க ஏற்றி, பிறகு இரண்டு பக்கமும் முழு ஒடிப்புக்கு முட்டாமல் திரும்பும் அளவுக்குப் பின்னால் தளர்த்துங்கள். முழுக்க இறுக்கி விட்டால் ஒடிக்கும்போது தண்டே நெரியும். போல்ட்டில் காப்பர் கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் அங்கே மட்டும்தான். கடைசியாக ஆயில் நிரப்பிய கன்னை நிப்பிளில் வைத்து, மேல் வளையத்திலிருந்து ஆயில் கசியும்வரை அழுத்துங்கள். அந்தக் கன்னில் 'ஆயில் மட்டும்' என்று பெயின்ட்டில் எழுதி வைத்தால் கடைப் பையன்கள் மாற்றி எடுக்க மாட்டார்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு இருமுறை: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்பும், துலாமழை (வடகிழக்குப் பருவமழை) முடிந்த பின்பும்.

சிற்றப்பா பார்க்கும் ஸ்பிட்ஃபயர் 1500 என்றால் கூடுதலாக ஒரு சோதனை. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரிந்து முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்தபின் ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். தேய்ந்த நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆயில் சம்ப்பை இறக்கி, பின் மெயின் பேரிங் மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். என்ஜினை வெளியே எடுக்க வேண்டாம். வாஷரில் காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

கேள்வி: 1965 ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். புது பேட்டரி போட்டதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. செல்ஃப் அடித்தால் சோக் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, ஒருமுறை புகையும் வந்தது.
*— வாசகர், செங்கோட்டை*

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. புகை வந்திருப்பதால் இரண்டாவதை முதலில் பாருங்கள்.

என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் பாடிக்குப் போக ஒரு பின்னல் பட்டை இருக்கும். அது அறுந்தாலோ, துருவின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தாலோ, கரன்ட் சோக் கேபிளின் உலோக உறை வழியாகப் போகும். அதனால்தான் சூடு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்தின் ஈயத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மற்றதை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வையுங்கள். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் பட்டையை மாற்றி, இரண்டு முனையிலும் பளபளக்கும்வரை தேய்த்து முடுக்குங்கள்.

சார்ஜ் விஷயம்: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணையும். பேட்டரி கடையில் பழக்கதோஷத்தில் நெகட்டிவைப் பாடியில் கொடுத்திருப்பார்கள். பேட்டரியைத் திருப்பி மாட்டுங்கள். டைனமோவின் காந்தமும் திசை மாறியிருக்கலாம். டைனமோவிலிருந்து டி, எஃப் ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரால் எஃப் முனையை இரண்டு விநாடி தொட்டு எடுங்கள், சிறு பொறி வரும். ஒயர்களைப் பழையபடி மாட்டினால் சார்ஜ் ஏற வேண்டும். காயிலையும் பாருங்கள்: பாசிட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் + முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். மாறியிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும். 'பாசிட்டிவ் எர்த்' என்று எழுதி பேட்டரி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்த எலக்ட்ரானிக் சாமான் எதையும் இந்த வண்டியில் மாட்டாதீர்கள்.

கேள்வி: 1967 எம்ஜிபி. ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. ஹோஸ் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை.
*— வாசகர், மார்த்தாண்டம்*

பதில்: இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண ரப்பர் ஹோஸ் இதில் ஊறி மென்மையாகும், அல்லது வெடிக்கும். ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்சுவர் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர். ஃப்ளோட் சேம்பரிலிருந்து ஜெட்டுக்குப் போகும் மெல்லிய நைலான் குழாயும் அடியில் கசியும் இடம்.

சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கேளுங்கள். பின்னால் எஸ்யூ பம்ப் சில விநாடி 'டிக் டிக்' என்று அடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால், டேங்க்கில் பெட்ரோல் இருக்கும்பட்சத்தில், ஃப்ளோட் ஊசி மூடவில்லை, அல்லது குழாயில் எங்கோ கசிவு. இந்த என்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ஃப்ளோட் சேம்பர் வழிந்தால் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் விழும். ஓவர்ஃப்ளோ குழாய்கள் எக்ஸாஸ்ட்டைத் தாண்டிக் கீழே வரை இறங்குகின்றனவா என்று இன்றே பாருங்கள். தீயணைப்பான் ஒன்று சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊரின் கடல்காற்றில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்க்கைக் காலிசெய்யுங்கள். இந்தப் பெட்ரோலில் கலவை லீன் ஆகும் என்பதால் ஜெட் நட்டை இரண்டு முகம் இறக்கி, பிஸ்டனைத் தூக்கும் சோதனையில் சரிபாருங்கள்.

கேள்வி: அம்பாசிடர் ஹெட் காஸ்கெட் எம்ஜிபிக்குப் பொருந்துமா? இரண்டும் ஒரே என்ஜின் என்கிறார்கள்.
*— வாசகர், பொள்ளாச்சி*

பதில்: ஒரே குடும்பம், ஒரே என்ஜின் அல்ல. அம்பாசிடரின் 1489 சிசி பி-சீரிஸ் குடும்ப என்ஜினில் சிலிண்டர் விட்டம் 73.025 மிமீ. எம்ஜிபியின் 1798 சிசியில் 80.26 மிமீ. அந்த காஸ்கெட்டைப் போட்டால் வளையம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அம்பாசிடரின் அளவுகள் ஒத்துப்போவது 1489 சிசி எம்ஜிஏவோடு. அதற்கும் பழைய காஸ்கெட்டைப் புதியதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாலக்காட்டில் ஒரு மிட்ஜெட் விலைக்கு வருகிறது. பெயின்ட் பளபளக்கிறது. துரு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— வாசகர், வேலந்தாவளம்*

பதில்: மிட்ஜெட்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. கதவை மூடி, அதன் பின் விளிம்பில் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்துகொள்ளுங்கள். சில்லுக்கு வெளியே ஜாக்கி பாயின்ட்டில் வண்டியைத் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு திறக்க மறுத்தாலோ சில் உள்ளே இற்றுவிட்டது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி சில்லின் நீளம் முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை பிடித்திருக்கும் பகுதியைக் கீழிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். அழுந்தினால் விலையைப் பேசாதீர்கள்.

சில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் கதவு வாயில் குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்து, ஒருநேரம் ஒரு பக்கம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சரியாக உட்காராது. அந்த டிங்கரிங் கடையில் இன்ச் ஸ்பேனர் செட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அரை இன்ச் நட் 12.7 மிமீ. 13-ம் நம்பர் ஸ்பேனரால் திருகினால் மூலைகள் மழுங்கும்.